பி16ஏ இன்ஜின், பி30 இசியூ: டேட்டா லாகருக்கு வயர் தேடும்போது புரியாத அளவுகள்

கிள்ளான்_ஈஜி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஈஜி செடான். தொழிற்சாலையிலிருந்து 1.5 லிட்டர் இன்ஜினோடு வந்த இந்தக் காரில், எனக்கு முன் வைத்திருந்தவர் பி16ஏ என்ற ஹோண்டாவின் 1.6 லிட்டர் இன்ஜினையும், அதற்கான பி30 இசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றிப் பொருத்தியிருக்கிறார். செப்பாங் தடத்தில் பொது ஓட்ட நாள்களில் மட்டும் ஓட்டுகிறேன். 5ஆம், 6ஆம் வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை உண்மையிலேயே முழுவதும் அழுத்திப் பிடிக்கிறேனா, அல்லது அப்படி நினைத்துக்கொண்டு காலைத் தளர்த்துகிறேனா என்பதை அறிய வேண்டும் என்பதே டேட்டா லாகர் (சென்சர் அளவுகளை ஓடும்போதே பதிவுசெய்யும் கருவி) வாங்கியதற்கு முதற்காரணம்.

லாகரில் 0 முதல் 5 வோல்ட் வரை அளக்கும் எட்டு அனலாக் வாசல்களும், இன்ஜின் சுற்று வேகத்திற்கும் சக்கர வேகத்திற்கும் தனித்தனி வாசல்களும் உள்ளன. அந்தக் காலத்துச் சிவிக்கில் கேன் (காரின் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வயர்) இணைப்பு கிடையாது என்பதால், ஒவ்வொரு சென்சரின் சிக்னலையும் இசியூவுக்குள் நுழையும் இடத்தில் கிளை எடுத்துத்தான் கொண்டுவர வேண்டும். வயரிங்கைப் பல இடங்களில் வெட்டி ஒட்டியிருப்பதால் நிறத்தை நம்ப முடியவில்லை; ஒரே வயர் இன்ஜின் அறையில் ஒரு நிறமாகவும் இசியூ அருகில் வேறு நிறமாகவும் இருக்கிறது. ஆகவே இசியூவின் டி சாக்கெட்டைக் கழற்றி, அதன் முகப்பைப் பார்த்து, வரைபடத்தில் உள்ளபடி பின் எண்களை எண்ணி, அந்தந்த வயரில் நாடா சுற்றி அடையாளமிட்டேன். டி11 திராட்டில் (மிதியை அழுத்தினால் திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் தகடு) சென்சர், டி13 குளிர்நீர் வெப்பநிலை, டி22 சென்சர் கிரவுண்ட். பிறகு சாக்கெட்டை மாட்டிவிட்டு, மெல்லிய ஊசியைப் பின்பக்கமாக நுழைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். லாகரை இன்னும் இணைக்கவில்லை.

திராட்டில் சென்சரில் ஐயமில்லை. அதன் பிளக்கின் நடு வயருக்கும் டி11க்கும் தொடர்பு இருப்பதை இரு முனைகளிலும் சோதித்தேன். சாவியைத் திருப்பியதும் 0.49 வோல்ட் காட்டியது. குளிர்நீர் சென்சர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் மறைந்திருப்பதால் அதன் முனையைச் சோதிக்கவில்லை. நான் டி13 என்று குறித்த வயரில், இன்ஜின் எவ்வளவு சூடானாலும் வோல்ட் சீராக இறங்கவில்லை. ஆனால் முகப்பு விளக்கைப் போட்டவுடன் சட்டென்று இறங்குகிறது. வெப்பநிலைக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை.

இதைவிட விந்தையானது இன்னொன்று. கருப்பு முனையை டி22 என்று குறித்த வயரிலும் சிவப்பு முனையை டி11இலும் வைத்து, என் தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி மிதியை அழுத்தச் சொன்னேன். அவன் தவறுதலாகப் பிரேக்கை மிதித்தபோது அளவு மைனஸ் 11.9 வோல்ட்டுக்குப் போனது. பேட்டரியைக் கழற்றியிருந்தபோது இதே டி22க்கும் காரின் உடலுக்கும் இடையே தொடர்பு இருப்பதாக மல்டிமீட்டர் ஒலியெழுப்பிக் காட்டியதே, அப்படியிருக்க அது கிரவுண்ட் இல்லையா? இசியூ பழுதா, வயரிங்கில் ஷார்ட்டா? இந்த நிலையில் லாகரை இணைக்கலாமா?

ஈப்போ_வயர்மேன் எழுதியது:

தம்பி, லாகரை இணைக்காமல் நிறுத்திக் கேட்டது மிகவும் நல்லது. இசியூ பழுதில்லை, வயரிங்கிலும் ஷார்ட் இல்லை. நீங்கள் எண்ணியது கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை.

டி சாக்கெட்டில் 22 பின்கள், 11 நிரல்களாக இருக்கின்றன. ஒற்றைப்படை எண்கள் மேல் வரிசை, இரட்டைப்படை எண்கள் கீழ் வரிசை. இந்த இசியூவுக்குப் பரவலாகக் கிடைக்கும் வரைபடம், வயர்கள் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது. நீங்களோ சாக்கெட்டைக் கழற்றி அதன் முகப்பைப் பார்த்து எண்ணியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண்ணினால் இடம் வலமாகிவிடும். இடமிருந்து ஏழாவது நிரலில் உள்ள டி13ஐத் தேடிய நீங்கள் ஐந்தாவது நிரலில் உள்ள டி9ஐப் பிடித்திருக்கிறீர்கள். கடைசி நிரலின் டி22க்குப் பதிலாக முதல் நிரலின் டி2 கைக்கு வந்திருக்கிறது. டி11 மட்டும் சரியாக அமைந்ததற்குக் காரணம், அது ஆறாவது நிரல், அதாவது சரியாக நடுவில் இருப்பதுதான். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அது அதே இடத்தில் நிற்கும். முதலில் சோதித்த வயரே சரியாக வந்துவிட்டதால்தான் மற்றவற்றின் மீது உங்களுக்குச் சந்தேகம் எழவில்லை.

இப்போது உங்கள் அளவுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் பொருந்தும். டி9 என்பது ஆல்டர்னேட்டர் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று இசியூவுக்குச் சொல்லும் வயர். முகப்பு விளக்கைப் போட்டால் சுமை கூடும், அந்த வயரின் சராசரி வோல்ட் இறங்கும். டி2 பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து வரும் வயர். மிதித்தால் அதில் பேட்டரியின் முழு 12.4 வோல்ட் வரும், அதிலிருந்து உங்கள் 0.49ஐக் கழித்தால் நீங்கள் கண்ட மைனஸ் 11.9 கிடைக்கும். மிதிக்காதபோது அதே வயர் பின்புற பல்புகளின் இழை வழியாகக் காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குளிர்ந்திருக்கும் 21 வாட் பல்பு இழையின் தடை ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால் மல்டிமீட்டர் அதைக் கிரவுண்ட் என்று நம்பி ஒலியெழுப்பியது. அந்த வயரை லாகரின் கிரவுண்டோடு இணைத்து ஒரு முறை பிரேக்கை மிதித்திருந்தால், 12 வோல்ட் நேராக லாகரின் மெல்லிய வயர் வழியே கிரவுண்டுக்குப் பாய்ந்திருக்கும்.

ஆகவே ஒலியை மட்டும் நம்பாமல் ஓம் அளவில் வைத்துச் சோதியுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, இசியூ சாக்கெட்டுகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, சென்சர் பக்கப் பிளக்கையும் கழற்றிவிட்டு, வயரின் இரு முனைகளுக்கு இடையே மட்டும் அளக்க வேண்டும். இசியூ மாட்டியிருக்கும்போது ஓம் அளந்தால் அதன் உள்ளே சுற்றிவரும் பாதையையும் சேர்த்தே அளக்கிறீர்கள். முதலில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் தடையைக் குறித்துக்கொண்டு அதைக் கழித்துவிடுங்கள். அளக்கும்போதே ஒருவர் வயர்க் கட்டை வளைத்து ஆட்டட்டும். வெட்டி ஒட்டிய வயரிங்கில், அசையாமல் இருக்கும்போது அரை ஓம் காட்டி, ஆட்டும்போது துள்ளும் இணைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் கை நுழையவில்லை என்று அந்த ஒரு வயரை விட்டுவிடக் கூடாது. எதைச் சோதிக்க எளிதாக இல்லையோ அதில்தான் பிழை தங்கும்.

உங்களுக்குத் தேவைப்படும் மற்றவை: டி15 உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, டி17 மேனிஃபோல்டு (காற்று இன்ஜினுக்குள் போகும் குழாய்) அழுத்தம், டி20 திராட்டில் சென்சருக்குப் போகும் 5 வோல்ட், பி சாக்கெட்டில் உள்ள பி10 வேக சென்சர். ஆக்ஸிஜன் சென்சரின் டி14ஐ விட்டுவிடுங்கள். அது 0 முதல் 1 வோல்ட்டுக்குள் மேலும் கீழும் தாவும் குறுகிய எல்லைச் சென்சர். முழு வேகத்தில் எரிபொருள் கலவை எப்படி இருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

கரி_தடம் எழுதியது:

ஈப்போ ஐயா சொன்னதற்கு மேல் வயரைக் கண்டுபிடிப்பதில் சேர்க்க எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஒற்றை இருக்கைக் கார்களுக்கு வயரிங் பார்க்கிறவன் என்ற முறையில், கண்டுபிடித்த பிறகு இணைக்கும்போது நேரும் சிக்கல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, லாகருக்கு எப்போது மின்சாரம் வருகிறது என்பது. பல லாகர்களின் உள்ளே வாசல்களைப் பாதுகாக்கும் டையோடுகள் இருக்கின்றன. லாகர் அணைந்திருக்கும்போது அந்த டையோடுகள் வழியாகச் சென்சரின் சிக்னல் வடிந்து, 2 அல்லது 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட் அளவுக்கு இழுபட்டுவிடும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது: லாகரைப் போட்டால் இன்ஜின் நன்றாக ஓடும், அணைத்தால் திணறும். இரண்டு நாள் எரிபொருள் பம்பைச் சந்தேகித்தோம். ஆகவே இசியூவுக்கு எந்தச் சாவி நிலையில் மின்சாரம் வருகிறதோ அதே நிலையில் லாகருக்கும் வரும்படி செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு கிளை வயரிலும், கிளை எடுக்கும் இடத்திற்கு அருகிலேயே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். லாகர் வாசலின் உள்தடை 1 மெகா ஓம் என்றால் இதனால் வரும் பிழை ஒரு விழுக்காடுதான், அளவைத் திருத்தும்போது அதுவும் மறைந்துவிடும். உள்தடை 100 கிலோ ஓம் மட்டுமே என்றால் பிழை ஒன்பது விழுக்காடாகும். அப்போது 1 கிலோ ஓம் போதும். லாகரின் கையேட்டில் இந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, வெப்பநிலைச் சென்சர். அது வெறும் தடைதான். அதற்கு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுப்பது இசியூ. லாகரிலும் இதே வேலைக்கான உள் ரெசிஸ்டரை மென்பொருளில் இயக்கும் வசதி இருக்கும். கிளை எடுக்கும்போது அதை இயக்கவே கூடாது. இயக்கினால் இரண்டு இடங்களிலிருந்து மின்னோட்டம் சென்சருக்குப் போய், வோல்ட் உயர்ந்து, இன்ஜின் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதாக இசியூ எண்ணிக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும்.

மூன்றாவது, கிரவுண்ட். லாகரின் அனலாக் கிரவுண்டும் மின்சாரக் கிரவுண்டும் உள்ளே ஒன்றாக இணைந்திருந்தால் டி22இல் இணைக்காதீர்கள். லாகரின் மின்னோட்டம் முழுவதும் சென்சர் கிரவுண்ட் வழியாகத் திரும்பி இசியூவின் அளவுகளையே நகர்த்திவிடும். இந்த இன்ஜினில் இசியூவின் கிரவுண்டுகள் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒரே இடத்தில் முடிகின்றன; லாகரின் கிரவுண்டையும் அங்கேயே கொண்டுபோய் முடியுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டு, டி22க்கும் லாகர் கிரவுண்டுக்கும் இடையே மில்லிவோல்ட் அளவுங்கள். 50 மில்லிவோல்ட் வேறுபாடு திராட்டில் அளவில் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும்; ஆனால் சூடான இன்ஜினின் வெப்பநிலை அளவில் அது சில டிகிரியாகிவிடும்.

சுற்று வேகத்திற்கு, சுற்று வேக மீட்டருக்குப் போகும் நீல வயரைக் கண்டுபிடித்து எடுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று அமைத்தால் போதும், 8,000 சுற்றில் விநாடிக்கு 267 துடிப்பு வரும். காயிலின் மைனஸ் முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள காந்தச் சென்சர் வயர்களிலும் கிளை எடுக்காதீர்கள். அவற்றின் மெல்லிய சிக்னல் கெட்டால் இன்ஜின் நின்றுவிடும். விடெக் (உயர் சுற்று வேகத்தில் வால்வுகளின் திறப்பைக் கூட்டும் அமைப்பு) எப்போது திறக்கிறது என்று அறிய ஏ சாக்கெட்டின் ஏ4ஐ எடுப்பதானால், அது பேட்டரி வோல்ட் என்பதை மறக்காமல் 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்ட் பிரிப்பான் போடுங்கள், 14.4 வோல்ட் 4.8 ஆகும்.

கிள்ளான்_ஈஜி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈப்போ அண்ணன் சொன்னதுபோலவே பின்பக்கத்திலிருந்து எண்ணி, எல்லா வயர்களையும் இரு முனைகளிலும் ஓமில் சோதித்தேன். குளிர்நீர் சென்சருக்காக டிஸ்ட்ரிபியூட்டரை நகர்த்த வேண்டியிருந்தது. டி13இல் இப்போது இன்ஜின் சூடாகச் சூடாக வோல்ட் சீராக இறங்கி, விசிறி ஓடத் தொடங்கும்போது 1 வோல்ட்டுக்குக் கீழே நிற்கிறது. டி17இல் இன்ஜின் ஓடாதபோது 2.9 வோல்ட், ஐடிலில் ஏறக்குறைய 1 வோல்ட். காற்று வெப்பநிலை வயரை ஆட்டியபோது தடை 0.4 ஓமிலிருந்து 30க்கு மேல் தாவியது. ஒட்டிய இடத்தைத் திறந்து பார்த்தால் முறுக்கி நாடா சுற்றியிருக்கிறார்கள், செம்பு பச்சை பூத்திருக்கிறது.

லாகரின் உள்தடை 1 மெகா ஓம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களோடு இணைத்துவிட்டேன். கிரவுண்ட் வேறுபாடு எல்லா விளக்கும் எரியும்போது 8 மில்லிவோல்ட். இனி அளவுகளை எப்படித் திருத்துவது? வேக சென்சருக்கு என்ன எண் கொடுப்பது?

ஈப்போ_வயர்மேன் எழுதியது:

பச்சை பூத்த இடத்தில் மேலே சால்டர் ஊற்றி முடித்துவிடாதீர்கள். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய துண்டு வைத்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். நம் ஊர் ஈரத்திற்கு நாடா தாங்காது.

வேக சென்சர் சுற்றுக்கு நான்கு துடிப்பு தரும். ஜப்பானியத் தரத்தின்படி கிலோமீட்டருக்கு 637 சுற்று, அதாவது 2,548 துடிப்பு. இது தொழிற்சாலை டயருக்கான கணக்கு. சென்சர் டிஃபரன்ஷியலிலிருந்து ஓடுவதால் கியர்ப்பெட்டியின் இறுதி விகிதத்தை மாற்றியிருந்தாலும் கவலையில்லை, டயரின் சுற்றளவு மாறியிருந்தால் மட்டும் திருத்துங்கள். வெப்பநிலைக்கு, சென்சரைக் கழற்றி வயரோடு இணைத்தபடியே வெந்நீரில் வைத்து, தெர்மாமீட்டர் காட்டுவதையும் லாகர் காட்டும் வோல்ட்டையும் ஆறேழு இடங்களில் எழுதி அட்டவணையாகக் கொடுங்கள். சென்சரின் உடல் காரின் கிரவுண்டைத் தொட வேண்டியதில்லை. தனியே அளந்தால் 80 டிகிரியில் அதன் தடை 200 முதல் 400 ஓமுக்குள் இருக்க வேண்டும். திராட்டிலுக்கு, கையால் திருப்பாமல் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதியை அழுத்தியே முழு அளவைப் பதியுங்கள். பிறகு இன்ஜின் அறைக்குப் போய்க் கையாலும் ஒரு முறை திருப்பி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கிள்ளான்_ஈஜி எழுதியது:

ஒப்பிட்டேன், அண்ணன். கையால் முழுவதும் திருப்பினால் 4.5 வோல்ட், மிதியை முழுவதும் அழுத்தினால் 4.1 வோல்ட்தான். கணக்குப் போட்டால் நான் இத்தனை நாளும் பத்தில் ஒன்பது பங்கு திராட்டிலோடுதான் ஓட்டியிருக்கிறேன். திராட்டில் கேபிளில் தொய்வு இருந்தது. இறுக்கி, ஐடிலில் முழுமையாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு மீண்டும் மிதித்தேன். இப்போது மிதியிலேயே 4.48 வோல்ட் வருகிறது.