ஆபிரிக்க நாவல்கள்ல வாற 'நான் ஆர்' பிரச்சினைக்கு வெள்ளைக்காரன் மட்டுமா காரணம்?

வெள்ளவத்தைப் பெடியன்:
கம்பஸுக்காக சிட்சி டங்கரெம்ப்காட 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவல் வாசிச்சன், 1988ல வந்தது, கதை 60கள்ல ரொடீசியால (இப்ப சிம்பாப்வே) நடக்குது. அதில நாமோ எண்ட பெடியன் மிஷன் ஸ்கூலுக்குப் போய் லீவில வரேக்க தாயோட கதைக்க தாய்மொழி ஷோனா மறந்துபோச்சு எண்டு நிப்பான், ஆனா முக்கியமான அலுவல் ஏதும் வந்தா உடன ஷோனா சரளமா வரும் 😂 எங்கட லேன்லயும் இப்பிடி ஆக்கள் இருக்கினம். இது வெள்ளைக்காரன் செஞ்ச வேலையா, நாங்களே ஆசைப்பட்டு எடுத்ததா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, ஆசைப்பட்டது எண்டு லேசா சொல்லாதீங்க. கென்யா எழுத்தாளர் கூகி வா தியாங்கோ படிச்ச காலத்தில ஸ்கூல்ல தாய்மொழி கிக்குயு கதைச்சா அடி, அதோட ஒரு பட்டன கையில குடுப்பாங்க, அடுத்ததா ஆர் தாய்மொழி கதைக்கிறானோ அவனிட்ட அத தள்ளிவிடோணும், பின்னேரம் பட்டன் வச்சிருக்கிறவன் ஆர் தந்தது எண்டு சொல்லோணும், அப்பிடியே ஒவ்வொருத்தரா எல்லாரும் மாட்டுவாங்க. சின்னப் பிள்ளைகள காட்டிக்குடுக்கப் பழக்கினது! அவர் பிறகு ஜேம்ஸ் எண்ட பேரையே விட்டிட்டார். 1977ல கிக்குயு நாடகம் போட்டதுக்கு விசாரணை இல்லாம உள்ள போட்டது சுதந்திர கென்யாட கவர்மென்ட், அதத்தான் யோசிக்கோணும். அங்க டொய்லட் பேப்பர்ல எழுதின நாவல்தான் தமிழ்ல 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'.

சும்மா ஒரு வாசகன்:
அக்கா, தாய்மொழியிலதான் எழுதோணும் எண்டு கூகி சொன்னது கென்யாலயே எல்லாருக்கும் சரிவராது, நைஜீரியாவப் பாருங்க, நூற்றுக்கணக்கான மொழி, இக்போல எழுதினா யோருபாக்காரன் எப்பிடி வாசிப்பான்? அதான் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா ஆச்சிபி 1958லயே இங்கிலிஷ எடுத்து அதுக்குள்ள இக்போ பழமொழியெல்லாம் போட்டு வளைச்சார். ஆளும் ஆல்பர்ட் எண்ட பேர விட்டவர்தான், மொழிய மட்டும் விடேல்ல. இங்க இலங்கையில 1956ல இங்கிலிஷ இறக்கிப்போட்டு சிங்களம் மட்டும் எண்டாங்க, அடிபட்டது ஆர்?

மருதானை நானா:
ரெண்டு பேரும் மொழியிலயே நிக்கிறீங்க. சூடான்ல தயிப் சாலிஹ் எழுதினது அரபில, 1966ல, அப்பிடியும் நோய் அதேதான். அவர்ட 'சீசன் ஒஃப் மைக்ரேஷன் டு த நோர்த்' நாவல்ல இங்கிலாந்தில படிச்ச முஸ்தபா சயீத் நைல் கரை கிராமத்தில சாதாரண விவசாயி மாதிரி இருப்பார், ஆனா வீட்டில பூட்டி வச்ச அறையொண்டு, அதுக்குள்ள இங்கிலிஷ்காரன்ட வீடு மாதிரி நெருப்புக் காய அடுப்பு (அந்த வெயில்ல!), முழுக்க இங்கிலிஷ் புத்தகம், குர்ஆன் கூட இங்கிலிஷ்ல, ஒரு அரபுப் புத்தகம் இல்ல. வெளிய ஊர்க்காரன், உள்ள வேற ஆள். எந்த மொழியில எழுதினாலும் அந்த அறைய என்ன செய்யப்போறீங்க?

வெள்ளவத்தைப் பெடியன்:
நானா, இது சிலபஸ்லயே இல்ல, அடுத்ததா இததான் வாசிக்கப் போறன். ஆரிட்டயும் கொப்பி இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்கோ.