சாரங்கபாணி சன்னிதித் தெரு வீடும் ஈரோட்டார் வழக்கும்

ஈரோட்டுக்காரன்: கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் பாதுகாக்கப்படும் ஓட்டு வீட்டின் படத்தைப் போட்டு, "கணித மேதை ராமானுஜன் பிறந்து வளர்ந்த இல்லம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவர் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். கோயில்களையும் வெற்றிலையையும் காபியையும் கும்பகோணத்தாரே வைத்துக்கொள்ளட்டும். பிறப்பையாவது எங்களுக்கு விட்டுவைக்கலாம்.

குடந்தையான்: ஈரோட்டில் அவர் இருந்தது ஏறத்தாழ ஓராண்டு. பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் பக்கத்து வழக்கம்; குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோமளத்தம்மாள் திரும்பி வந்தது கும்பகோணத்துக்கு. துணிக்கடைக் கணக்கராக இருந்த தகப்பனார் குடியிருந்ததும், குடியிருந்த கல்லூரி மாணவர்களிடம் சிறுவன் கணக்குக் கேட்டதும், சிலேட்டை மடியில் வைத்து எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டே அமர்ந்திருந்ததும் இந்த வீட்டிலும் இதன் திண்ணையிலும்தான். பாட்டி வீட்டுக் கணக்கைப் பார்த்தால் தஞ்சை மாவட்டத்தில் பாதிப் பேர் வேறு ஊர்க்காரர்கள் ஆவார்கள்.

ஈரோட்டுக்காரன்: ஓராண்டோ ஒரு நாளோ, பிறந்தது ஈரோடு. இடையில் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும்கூட அவர் படித்திருக்கிறார். இவ்வளவு உரிமை பேசும் உங்கள் ஊர் அரசுக் கல்லூரிதானே, மற்றப் பாடங்களில் தேறவில்லை என்று 1905 இல் அவருடைய உதவித்தொகையை நிறுத்தியது?

குடந்தையான்: சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய்ப் படித்தும் எஃப்.ஏ. என்ற அந்நாளைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் அவர் தேறவில்லை. அதற்காகச் சென்னையை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. நகர உயர்நிலைப் பள்ளியில் 1904 வரை பரிசுகளை வாங்கிக் குவித்தாரே, அது எந்த ஊர்? ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதச் சூத்திரத் தொகுப்பு 1903 இல் அவர் கைக்கு வந்தது எந்த ஊரில்? இதற்கும் விடை சொல்லுங்கள்: ஓராண்டில் ஈரோடு அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது?

திருவாரூர் வாசகர்: குடந்தையான் அவர்களின் நியாயம் எங்களுக்குப் பழக்கமானது. தியாகராசர் 1767 இல் பிறந்தது திருவாரூரில். ஆராதனை என்றால் ஊரே திரள்வது திருவையாற்றில். கர்நாடக இசை மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த எங்கள் ஊரில் அவர்களுடைய வீடுகளைத் தேடி வருபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறந்த இடம் ஒன்றுமில்லை என்றால் அந்த நினைவிடங்களைப் பூட்டிவிடலாமா?

குடந்தையான்: தியாகராசரை இழுக்காதீர்கள், அவர் சமாதி திருவையாற்றில் காவிரிக் கரையில் இருப்பதால் கூட்டம் அங்கே போகிறது. உங்களுக்குத் திருவையாற்றின் மேல் இருக்கும் பொறாமையைக் கும்பகோணத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

திருவாரூர் வாசகர்: பொறாமை என்ற சொல்லைத் திரும்பப் பெறும் வரை நான் இங்கே மறுமொழி எழுதப் போவதில்லை. ஈரோட்டார் சொல்வதே சரி.

ஈரோட்டுக்காரன்: நன்றி ஐயா. கும்பகோணத்தாருக்கு இன்னொன்றும் நினைவூட்டுகிறேன்: இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பியவர் 1919 கோடையில் காற்று மாற்றத்துக்காகத் தங்கியது எங்கள் கொடுமுடியில். பிறந்தது ஈரோடு, நோயில் ஆறுதல் தேடியதும் ஈரோட்டுப் பக்கம்.

குடந்தையான்: கொடுமுடியிலிருந்து அவர் எங்கே வந்தார் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கலாம், அதே ஆண்டில் கும்பகோணத்துக்குத்தான் வந்தார். வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் எடுத்துப் பராமரிக்க, 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தெருவைப் பார்த்த சன்னல், அதன் கீழே கட்டில், உள்ளே அடுப்பங்கரை, கொல்லையில் கிணறு என்று நாலு தப்படியில் முடிந்துவிடும் வீடு; அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கணிதப் பேராசிரியர்கள் வருகிறார்கள். ஈரோட்டு வீட்டைப் பார்க்க யாரும் வராததற்கு நாங்களா பொறுப்பு? நீங்களே பத்திரமாக வைத்திருந்தால் நாங்களும் வந்து பார்த்திருப்போமே.

புதிய உறுப்பினர்: இரண்டு வீடுகளையும் பாதுகாத்தால் என்ன என்று கேட்கலாமா? அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் உண்டா?

குடந்தையான்: வண்டி நிறுத்துவது வேறு பிரச்சினை, தனி இழை தொடங்குங்கள். ஓராண்டு, ஓராண்டு என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். ஈரோட்டார் அதைத் தொடவே இல்லை.

ஈரோட்டுக்காரன்: பிறந்தது ஈரோடு என்பதை நீங்களும் இதுவரை ஒரு முறைகூட எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள், பிறகு ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன்.