அல்சூர் பக்கம் செடிகளுக்கு இடம் தருவீர்களா?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் வாங்கி வந்த செடிகள், பால்கனியைத் தாண்டி கூடம், சமையலறை ஜன்னல் என்று வந்துவிட்டன. ஊரிலிருந்து மாமியார் எங்களோடு தங்க வருகிறார். முட்டிவலி, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். அவருக்கு வழி வேண்டும்.

மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை மூன்றும் கூடத்தில் வெயில் இல்லாமல் வாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டிய செடிகள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தது, வேப்பெண்ணெய் தெளித்ததில் போய்விட்டது. மொட்டைமாடி உள்ளவர்கள் எடுத்துக்கொள்வீர்களா? காசு வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும். டிஃபன்பேக்கியா என்ற அழகு இலைச் செடியும் இருக்கிறது. அதன் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அதனால் சின்னக் குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டுக்கு அதைத் தர மாட்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். மீதியை மொட்டைமாடியில் வைக்க வீட்டுக்காரர் சரி என்றார், ஆனால் பாரம் ஏறக்கூடாதாம். செம்மண்ணைக் குறைத்துத் தென்னைநார்த் தூள் சேர்த்தால் தொட்டி இலேசாகும். நீங்கள் எந்த அளவில் கலக்கிறீர்கள்? மாடிக் காற்றுக்குத் தொட்டி சாயாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.