சென்சார் அலாரமும் 15 வயதுப் பிள்ளையின் மனச்சோர்வும்: தமிழில் செயலி உண்டா?

மதுரை. பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய், 6 வருடமாக இன்சுலின், 3 மாதமாகக் கையில் ஒட்டிச் சர்க்கரை அளக்கும் 14 நாள் சென்சார். ராத்திரி 2 மணிக்குத் தாழ்வு அலாரம் அடிக்கும். விரலில் குத்திப் பார்த்தால் 96. சென்சார் இருக்கும் கைப்பக்கமே படுத்து அழுத்துவதால் வரும் போலித் தாழ்வு. இப்போது அலாரம் கேட்டாலே அழுகிறாள், போனைத் தலையணைக்கடியில் கவிழ்த்து வைக்கிறாள். அம்மா போனிலும் அதே எண் ஓடுவதால் "ஏன் 240?" என்ற கேள்வி வகுப்பு நேரத்திலேயே வந்துவிடுகிறது. இதுதான் அவளை அதிகம் நோகடிக்கிறது.

செய்து பார்த்தவை: சென்சார் மறு கைக்கு மாறியது. உயர்வு அலாரம் 180இலிருந்து 250க்கு. தாழ்வு 70, அதில் கைவைக்கவில்லை. அம்மாவுக்குத் தாழ்வு எச்சரிக்கை மட்டும். மனநிலை குறிக்கும் செயலிகள் இரண்டு. ஆங்கிலம் என்பதால் ஒரே வாரத்தில் விட்டுவிட்டாள். அவசரத்துக்கு 14416 (டெலி-மானஸ் மனநல உதவி) எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

சர்க்கரை அளவையும் மனநிலையையும் ஒரே திரையில், தமிழில், பெற்றோருக்குப் போகாமல் குறித்துவைக்க யாராவது பயன்படுத்திய செயலி உண்டா?