புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ் சாவது நின்றது, காரணம் இசட்எஃப்எஸ் கேஷ்

8 ஜிபி ரேம் இருந்தும், இரவு பேக்கப் ஓடும்போது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் என் சர்வரில் அதன் மையமான கர்னல், ரேம் போதாது என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கொன்றுவிடுகிறது, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பிடித்துவிட்டேன்.

டிஸ்க்கில் கோப்புகளை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ், தான் படிப்பதையெல்லாம் ரேமில் ஆர்க் என்ற கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்கிறது. நாம் உச்சவரம்பு சொல்லாவிட்டால், 8 ஜிபி இயந்திரத்தில் சுமார் 1 ஜிபி மட்டும் விட்டுவிட்டு மீதி ரேம் முழுவதற்கும் அது வளரலாம். நெருக்கடி வந்தால் சுருங்கும்தான். என் சர்வரில் அந்த வேகம் போதவில்லை. ரேம் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் 'வயர்டு' எண் (கர்னல் பிடித்துவைத்திருக்கும் ரேம், ஆர்க்கும் இதில் சேரும்) ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை மூலம் ஆர்க் உச்சவரம்பை 3 ஜிபி ஆக்கினேன், ரீபூட்கூடத் தேவைப்படவில்லை. அப்புறம், ரீபூட் ஆனாலும் நிலைக்க, அதே வரியை அதன் கான்ஃப் கோப்பிலும் சேர்த்துவிட்டேன். ஐந்து இரவுகளாக ஒருமுறையும் விழவில்லை. டாப்பைக் கவனிக்கச் சொன்ன நண்பருக்கு மிக்க நன்றி.