பொருள்: ‘வேலிடேட்டர் நோடு’ – கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

வேலூர்:
அனைவருக்கும் வணக்கம். பாலாற்று நீர்த்தர வலையமைப்புக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வேலிடேட்டர் நோடு’ என்பதற்கு இப்போதைக்கு ‘சரிபார்ப்புக் கணு’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

அதன் வேலை இதுதான். ஆற்றோர உணரி கால் மணிக்கு ஒருமுறை மின்கடத்துத்திறன், பிஎச், வெப்பநிலை மூன்றையும் தன் மின்னணுச் சாவியால் ஒப்பமிட்டு அனுப்பும். ஒப்பம் அந்த உணரியினுடையதுதானா, நேரம் முன்பின்னாக இருக்கிறதா, அளவு நடக்கக்கூடிய எல்லைக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு நோடும் தனித்தனியே பார்த்து வாக்களிக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தால்தான் எல்லா நோடும் பகிர்ந்து வைத்திருக்கும் பேரேட்டில் (பிளாக்செயின்) ஏறும். ஆகவே 4 நோடு இருந்தால் ஒன்று கெட்டாலும் தாங்கும். இரண்டு கெட்டாலும் தாங்க 7 வேண்டும். வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

குடியாத்தம்:
‘சரி’ என்னும் சொல் விடைத்தாள் திருத்துவதற்குப் போதும், இதற்குப் போதாது. 25ஆம் குறளைப் பாருங்கள்: ‘இந்திரனே சாலுங் கரி’. கரி என்றால் சாட்சி. வடசொல் வந்து குந்துவதற்கு முன் நம்மிடம் இருந்த சொல். கரிக்கணு என்போம். கணுவை மாற்ற வேண்டாம். மூங்கிலிலும் கரும்பிலும் ஒரு தண்டு மறு தண்டோடு சேரும் இடம் அது. கண் என்றும் சொல்வோம்.

அதே அடியில் ‘சாலும்’ இருக்கிறதே, அதையும் விடாதீர்கள். சாலுதல் என்றால் நிறைதல், போதுமாதல். சான்று, சான்றோர், சால்பு எல்லாம் அதன் வழி வந்தவை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு நிறைவதைச் ‘சால்வாக்கு’ எனலாம். சாட்சிக்கும் சாட்சிகளின் எண்ணிக்கைக்கும் ஒரே அடியில் சொல் கிடைக்கிறது.

ஆம்பூர்:
ஐயா, சால்வாக்கு நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். கரிக்கணு வேண்டாம். இது சுற்றுச்சூழல் கையேடு. முன்பக்கத்தில் கரியமில வாயு, பின்பக்கத்தில் கரிம உமிழ்வு. நடுவில் கரிக்கணு என்று வந்தால் புகை அளக்கும் பெட்டி என்றே படிப்பார்கள்.

‘மெய்ப்பிப்பான்’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் அதையும் தடுத்துவிடுகிறேன். நோடுக்குத் தண்ணீரைத் தெரியாது. உணரியை ஆற்றிலிருந்து எடுத்து ஒரு குடம் நல்ல தண்ணீரில் வைத்தாலும் ஒப்பம் பொருந்தும், நேரம் பொருந்தும், எல்லையும் பொருந்தும். எல்லா நோடும் ஏற்கும். மெய் என்று பெயர் வைத்துவிட்டால் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் களத்துக்குப் போய்ப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் உணரியை முக்கி அளவு சரிசெய்வதும், முனையில் படிந்த உப்பைக் கழுவுவதும் மனிதர் வேலை.

இன்னொன்று. கையேட்டில் ‘கரைந்த உப்பு’ அளவையே பேரேட்டில் ஏற்றச் சொல்கிறீர்கள். வேண்டாம். உணரி அளப்பது மின்கடத்துத்திறனை; அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கித்தான் உப்பைக் கணிக்கிறோம். 3000 மைக்ரோசீமென்ஸ் என்பதை 0.5ஆல் பெருக்கினால் 1500, 0.7ஆல் பெருக்கினால் 2100. கழிவுநீருக்கான வரம்பே லிட்டருக்கு 2100 மில்லிகிராம். பெருக்கெண் மாறினாலே ஒரு தொழிற்சாலை வரம்பைத் தொட்டதாகவும் தொடாததாகவும் ஆகிவிடும். மின்கடத்துத்திறனை 25 பாகை செல்சியசுக்குத் திருத்தி அப்படியே ஏற்றுங்கள். திருத்தாவிட்டால் 35 பாகைத் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். குரோமியம் இந்த உணரிக்குத் தனியாகத் தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அதையும் எழுதுங்கள்.

காட்பாடி:
‘சான்றுக்கணு’ இருவருக்கும் ஒத்துவருமே? இலக்கியமும் உண்டு, எல்லோருக்கும் புரியும். ஒரே சொல்லாக வேண்டுமென்றால் இகர விகுதி இட்டுச் ‘சரிபார்ப்பி’. மண்வெட்டியில் அந்த இகரம் கருவியைக் குறிக்கிறது, ஊருணியில் ஊரார் உண்ணும் நீரைக் குறிக்கிறது. கணினி, உலாவி, செயலி எல்லாம் மண்வெட்டி வழியில் வந்தவைதானே.

ராணிப்பேட்டை:
சான்று வேண்டாம், தம்பி. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்ததிலிருந்து, இந்த ஆற்றில் அளக்கும் எந்த எண்ணும் ஒருநாள் வழக்குமன்றம் போகக்கூடும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். மின்னணுப் பதிவை ஆவணமாகக் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் தனிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ‘சான்றுக்கணு ஒப்பமிட்டுவிட்டதே, இன்னும் என்ன சான்று’ என்று ஒரு ஊராட்சி கேட்டால் என்ன சொல்வீர்கள்? நோடு செய்வது ஒப்பிடுவதும் ஒப்பமிடுவதும். ‘ஒப்பக்கணு’ என் பரிந்துரை.

குடியாத்தம்:
ஒப்பம் என்றால் மெருகு என்றும் பொருள். நிரல் ஒப்பந்தம் (ஸ்மார்ட் காண்ட்ராக்ட்) வேறு அதே கையேட்டில் இருக்கிறது, இரண்டும் கலக்கும். கரி ஒத்துவராதென்றால் 505ஆம் குறளின் கட்டளைக்கல்லைப் பாருங்கள். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். கட்டளை என்றால் அளவு பிசகாதது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. ஏடு எழுதியவர் ஓர் எழுத்தை விட்டாலும் எண்ணிப் பார்த்தால் பிடிபடும். இவர்கள் கணினியில் செய்வதும் அந்தக் கணக்குத்தான்.

காட்பாடி:
கலித்துறைக் கணக்கை வகுப்பில் கட்டாயம் சொல்லித்தருவேன். ஆனால் கணினிப் பாடத்தில் கட்டளை என்றால் கமாண்டு என்று ஊன்றிவிட்டது. ‘கட்டளைக் கணுவில் கட்டளை இடுக’ என்று எழுத முடியாது.

ஆம்பூர்:
சொல் எதுவானாலும் மூன்று வரிகளைத் தடித்த எழுத்தில் போடுங்கள். முதலாவது, ஒரே சாவியை இரண்டு கணினியில் ஓட்டக் கூடாது. மின்சாரம் போகிறதே என்று மாற்றுக் கணினியில் அதே சாவியை ஏற்றிவைப்பார்கள். மின்சாரம் திரும்பியதும் இரண்டும் ஒரே சுற்றுக்கு இருவேறு வாக்கை ஒப்பமிடும், நோடு நடத்துபவர் நேர்மைக்கு ஈடாக வைத்த பிணை பறிபோகும். சிறிது நேரம் அணைந்து கிடப்பதற்கு இழப்பு குறைவு. இரண்டாவது, கடிகாரம். உள்ளிருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்தால் மின்தடைக்குப் பின் நேரம் பழைய தேதிக்குப் போகும். நல்ல அளவுகளைக்கூட நோடு தள்ளிவிடும். நேர ஒத்திசைவு முடிந்த பின்னரே நோடு தொடங்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அக்கம்பக்கத்து உணரிகளோடு ஒத்துப்போகாத அளவைத் தள்ளும் விதியை எடுத்துவிடுங்கள். இரவில் ஒரே இடத்தில் கழிவு திறந்துவிட்டால் அங்கே மட்டும்தான் எண் எகிறும். அதைப் பிழை என்று தள்ளினால் இந்த வலையமைப்பை எதற்காகப் போட்டோமோ அதுவே போய்விடும். ‘ஐயம்’ என்று குறித்து ஏற்ற வேண்டும்.

வேலூர்:
மூன்றும் சேர்ந்துவிட்டன, பெருக்கெண் பக்கமும் திருத்தியாயிற்று. ராணிப்பேட்டை அண்ணனையும் குடியாத்தம் ஐயாவையும் தவிர காட்பாடி, ஆம்பூர், நான் மூவரும் ‘சரிபார்ப்புக் கணு’வுக்கே திரும்பியிருக்கிறோம். அது மெய் என்று வாக்குக் கொடுக்கவில்லை, சான்று என்றும் உரிமை கோரவில்லை. அச்சுக்கு அதுவே போகிறது. ‘சால்வாக்கு’ இருக்கிறது. வாக்கின் பெயர் ‘ஒப்பம்’. பிணை பறிபோவதற்கு ‘பிணை வெட்டு’ என்று போட்டிருக்கிறேன்.

குடியாத்தம்:
என் மறுப்பு நிற்கிறது. சொல்லடைவில் கரிக்கணுவையும் ஒரு வரியாகச் சேருங்கள். அடுத்த பதிப்புக்குள் யாராவது பழகியிருப்பார்கள். வெட்டு வேண்டாம், தண்டம் என்று போடுங்கள். தண்டுதல் என்றால் வசூலித்தல்; தண்டல்காரர் அதிலிருந்து வந்தவர்.

காட்பாடி:
ஐயா, தண்டம் என்றால் நம் பக்கத்தில் வீண் என்றுதான் முதலில் கேட்கும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.