மாற்று மருந்தைக் குறைத்துவரும் தம்பிக்கு வீட்டார் எவ்வாறு துணை நிற்பது?

கேள்வி: அம்பைப் பக்கத்து அக்கா

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். என் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் வேலை பார்த்தபோது வாகன விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தான். அப்போது வலிக்காகத் தொடங்கிய டபென்டடால் மாத்திரையை விட முடியாமல், பிறகு அதையே கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டான். ஊருக்கு அழைத்துவந்து பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். அவர் அபினி வகைப் போதையின் ஏக்கத்தை அடக்கும் மாற்று மருந்தாக, பியூப்ரினார்ஃபினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும்படி கொடுத்தார். அதன் பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது என்று சொன்னால் மிகையாகாது. இன்று அவன் டிராக்டர் பட்டறை ஒன்றில் நிலையாக வேலை பார்க்கிறான். ஊசியின் பக்கம் போகவில்லை.

இப்போது அவனே விரும்பி, மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையின் அளவைக் குறைத்து வருகிறான். நாளொன்றுக்கு 8 மில்லிகிராமாக இருந்தது படிப்படியாக 4 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறது. இதற்கிடையில் எங்கள் தாய்மாமா, தை மாதத்துக்குள் மாத்திரையை முற்றிலும் நிறுத்திவிட்டால் தன் மகளைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா நாட்காட்டியைப் பார்ப்பதும், மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுவதும், "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதுமாக இருக்கிறார்.

ஒவ்வொரு முறை அளவைக் குறைக்கும்போதும் முதல் இரண்டு மூன்று நாட்கள் அவன் நன்றாகவே இருக்கிறான். அதன் பிறகு தொடர்ந்து கொட்டாவி விடுகிறான், மூக்கு ஒழுகுகிறது, எரிந்து விழுகிறான். நள்ளிரவில் நான் எழுந்து பார்த்தால், பட்டாசலில் விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தார்சாவில் உட்கார்ந்து இரண்டு கெண்டைக்காலையும் மாறி மாறிப் பிசைந்துகொண்டிருக்கிறான். முதலில் நன்றாக இருந்தவன் பிறகு இப்படி ஆவது ஏன் என்று அம்மா சந்தேகப்படுகிறார். பழையபடி எதையோ தொட்டுவிட்டானோ என்று என்னிடம் அழுகிறார். இது மருந்தைக் குறைப்பதால் வருவதுதானா? காவல்காரியைப் போல நடந்துகொள்ளாமல் அவனுக்குத் துணையாக இருப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

மகளே, முதலில் உன் அம்மாவின் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். பியூப்ரினார்ஃபின் உடம்பை விட்டு மெதுவாக நீங்கும் மருந்து. இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல், சிலருக்கு ஒன்றரை நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே திங்கட்கிழமை அளவைக் குறைத்தால் உடம்பு அதை உணர்வது வியாழக்கிழமை வாக்கில்தான். தலைவலி மாத்திரையை நிறுத்தினால் அன்று மாலையே வலி திரும்புவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, மூன்று நாள் கழித்து வரும் அவதி நடிப்பாகவோ களவாகவோ தோன்றுகிறது. நீ சொன்ன கொட்டாவி, மூக்கொழுகல், எரிச்சல், கால் அமைதியின்மை ஆகிய நான்கும் மருந்து குறைவதால் வரும் அறிகுறிகளே. மயிர்க்கூச்செறிதல், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவையும் சேர்ந்து வரக்கூடும். மறுபடி போதையைத் தொட்டவனுக்கு இந்த அறிகுறிகள் அடங்கியிருக்கும் என்பதை அம்மாவுக்கு எடுத்துச் சொல். கண்ணின் கருமணி ஊசிமுனையளவு சுருங்குவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்குவது, காரணமில்லாமல் பணம் கரைவது இவையெல்லாம் வேறு கணக்கு.

இனி வரப்போவதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 8 மில்லிகிராமிலிருந்து 4-க்கு வந்ததைவிட, 2 மில்லிகிராமிலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்குப் போவது பலருக்கும் கடினம். இந்த மருந்து மூளையில் போய் ஒட்டும் இடங்களைச் சிறிய அளவிலேயே பெரும்பகுதி நிரப்பிவிடுவதால், மேல்படிகளில் குறைப்பது அதிகம் உறைக்காது. கடைசிப் படிகளில் ஒரு சிறு குறைப்பும் பெரிய இழப்பாக உணரப்படும். நம் நாட்டில் 0.4 மில்லிகிராம் மாத்திரையும் கிடைப்பதால், அந்தக் கட்டத்தில் மருத்துவர் சிறுசிறு படிகளாக இறக்க முடியும். ஆனால் அதற்கு மாதக் கணக்கில் காலம் தேவைப்படும். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மிச்சம் கொஞ்சம்தானே" என்று வீட்டார் அவசரப்படுத்துவது சரியாக அந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

ஆகவே தை மாதம் என்னும் கெடுவை எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரு குறைப்புக்குப் பிறகு தூக்கமும் பசியும் வேலையும் பழைய நிலைக்கு வந்த பின்னரே அடுத்த குறைப்பு என்று மருத்துவர் நினைப்பார். திருமண நாள் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

பதில்: வள்ளியூர்க்காரன்

அக்கா, நான் இதே மாத்திரையைக் குறைத்து நிறுத்தியவன். உங்கள் தம்பி தார்சாவில் உட்கார்ந்து காலைப் பிசைவதைப் படித்தபோது அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தக் கால் அவதியை வலி என்று சொல்ல முடியாது. எலும்புக்குள் ஏதோ ஊர்வது போலவும், காலை உதறினால் மட்டுமே அடங்கும் போலவும் இருக்கும், உதறியதும் மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் "ஏன் தூங்கவில்லை?" என்று யாராவது கேட்டால் அழுகை வந்துவிடும். என் மதினி ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போட்டு வைப்பார். அதைக் காலில் ஊற்றிவிட்டுச் சற்று நேரம் நடந்தால் விடியற்காலையிலாவது கண் அசரும். பகலில் உடம்பு வியர்க்க வேலை செய்த நாட்களில் இரவு சற்று இலகுவாக இருந்தது; தேநீரை மாலையோடு நிறுத்திக்கொண்டதும் உதவியது.

வயிறு போகும் நாட்களில் சாப்பாட்டை வற்புறுத்தாதீர்கள். நீராகாரம், உப்புப் போட்ட கஞ்சி, மோர் என்று சிறிது சிறிதாகக் கொடுத்தால் போதும். நம் பக்கத்து வெயிலில் நீர்ச்சத்து இறங்கிவிட்டால் மயக்கம் வருகிறது, பட்டறை வேலை செய்பவருக்கு அது ஆபத்து. தாங்க முடியாமல் போனால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். குளோனிடின் போன்ற மருந்துகளைக் கொண்டு வியர்வையையும் படபடப்பையும் தணிக்க அவரால் முடியும். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பதால் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கட்டத்தில் நான் முந்தைய அளவுக்குத் திரும்பிப் போனேன். மருத்துவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார், சில வாரம் அங்கேயே நிறுத்தி வைத்து, பிறகு இன்னும் சிறிய படியாகக் குறைத்தார். வீட்டில் யாரும் அதைத் தோல்வி என்று பேசவில்லை. பேசியிருந்தால் அடுத்த முறை கஷ்டம் வந்தபோது நான் மருத்துவரிடம் போயிருக்க மாட்டேன். பழைய நண்பர்களிடம்தான் போயிருப்பேன். தம்பியிடம் இப்போதே, அவன் நன்றாக இருக்கும் நாளிலேயே, "அளவைக் கூட்ட வேண்டி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை எண்ணுவதைப் பற்றி: அவரே கேட்டுக்கொண்டால் நீங்கள் ஒருவர் மட்டும் மாத்திரையை வைத்திருந்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கலாம். அவருக்குத் தெரியாமல் எண்ணுவது வேண்டாம். கோவில் கொடை சமயத்தில் உறவுக்கூட்டத்தின் நடுவே "விட்டாச்சா?" என்று யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்வதும் உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி.

பதில்: முக்கூடல், ஒரு தகப்பன்

தாயி, மேலே எழுதியவர்கள் குறைப்பது எப்படி என்று நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். குறைக்கத்தான் வேண்டுமா என்பதைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகன் இந்த மருந்தைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறான், இன்னும் நிறுத்தவில்லை. அவன் பீடிக் கம்பெனி கணக்கு பார்க்கிறான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான், எனக்கு இனிப்புநீர் மாத்திரை வாங்கி வருகிறான். நான் தினமும் மாத்திரை போடுவதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. அவன் போடுவதை மட்டும் ஊரே பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே இந்த மருந்தை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இவ்வளவு காலத்துக்குள் நிறுத்தியே தீர வேண்டும் என்று எந்த மருத்துவ விதியும் கிடையாது என்று அவனுடைய மருத்துவர் எங்களிடம் விளக்கினார். ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாறியிருக்கிறான் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒழுங்காகச் சாப்பிடுபவனுக்கு இந்த மருந்து மயக்கத்தைத் தருவதில்லை, ஏக்கத்தை அடக்கி வைக்கிறது, ஒரு அளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதும் இல்லை.

உங்கள் தம்பி தாமாகவே விரும்பினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விருப்பம் மாமா பேசுவதற்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்று அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பின்பு வந்தது என்றால், அது அவனுடைய விருப்பமா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்தப் பெண்ணிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தைக்குள் நிறுத்திவிட்டான் என்று சொல்லிக் கட்டிவைத்து, அவன் சித்திரையில் மறுபடி மருந்து கேட்க வேண்டி வந்தால், இரண்டு குடும்பத்துக்கும் அது தாங்காது.

கேள்வி கேட்டவர்: அம்பைப் பக்கத்து அக்கா

செவிலியர் அம்மாவுக்கும், வள்ளியூர் அண்ணாச்சிக்கும், முக்கூடல் ஐயாவுக்கும் என் நன்றி. தம்பியிடம் கேட்டேன். குறைக்கும் எண்ணம் முன்பே இருந்ததாகவும், ஆனால் இவ்வளவு வேகமாகக் குறைக்க நினைக்கவில்லை என்றும், மாமாவிடம் மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்ததென்றும் சொன்னான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நானும் உடன் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு கவலை மிச்சமிருக்கிறது. உறவினர் ஒருவர், ஏதோ ஒரு மையத்தில் பத்தே நாளில் எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவார்கள், உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை தூங்குவதற்கு என்று அவரே இரண்டு அட்டை மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கொடுக்கலாமா?

பதில்: தென்காசிச் சாலை மருந்தாளுநர்

தங்கச்சி, அந்தத் தூக்க மாத்திரையை இன்றே வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ராஸிபாம் வகையைச் சேர்ந்த எந்த மாத்திரையானாலும், பியூப்ரினார்ஃபினுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும் ஆபத்து உண்டு, மதுவும் அப்படியே. உங்கள் தம்பியின் முழு மருந்துப் பட்டியலையும் அறிந்த மருத்துவர் கண்காணிப்போடு எழுதிக்கொடுத்தால் மட்டுமே அவற்றைத் தொட வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் அபினி வகையைச் சேர்ந்தவையே. ஆகவே பல் வலி, காய்ச்சல் என்று வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், என்ன மருந்து, என்ன அளவு என்று எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்து காட்டச் சொல்லுங்கள். பல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மாத்திரை முழுதும் கரைந்த பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால் பல் கெடுவது குறையும்.

பத்து நாளில் நிறுத்துவதைப் பற்றி என் கருத்து உறுதியானது, அனுப்பாதீர்கள். உடம்பிலிருந்து மருந்தை விரைவாக எடுத்துவிட யாராலும் முடியும். அதன் பிறகு வரும் வாரங்களில்தான் உயிர் போகிறது. இந்தச் சிகிச்சையை நிறுத்திய முதல் நான்கு வாரங்களில் இறப்பு அபாயம் மிகவும் கூடுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பு தாங்கிய அளவை இப்போது உடம்பு தாங்காது. ஒருவன் ஒரே ஒருமுறை தடுமாறி, பழைய நினைவில் பழைய அளவைப் போட்டுக்கொண்டாலும் மூச்சு நின்றுவிடும். மெதுவாகக் குறைத்து நிறுத்தியவருக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால், நிறுத்திய பிறகே வீட்டார் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். எழுப்பியும் எழாமல் குறட்டை போன்ற மூச்சு விட்டால், உதடு நீலம் பாய்ந்தால், "தூங்கட்டும்" என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைத்து, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, என்ன மருந்து என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அபினி வகை மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோன் ஊசி இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால்தான் அதைப் போடுவார்கள்.

விருப்பமில்லாதவரைப் பூட்டிவைப்பது எந்த மையத்தின் உரிமையும் அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கென விதிகளை வகுத்திருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போது, நிறுத்திய பிறகு, அபினி வகை மருந்துகள் உடம்பில் வேலை செய்யாதபடி தடுக்கும் நால்ட்ரெக்சோன் பொருந்துமா என்றும் கேளுங்கள். ஆனால் பியூப்ரினார்ஃபின் முற்றிலும் நின்று பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆவதற்குள் அதைப் போட்டால் கடுமையான அவதி ஒரேயடியாகக் கிளம்பும் என்பதால், யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி வைக்க வேண்டாம்.

இடையில் இரவு நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். போதைச் சிகிச்சைக்கென்று 14446 இருக்கிறது. அம்மாவையும் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். மூன்று நாள் கழித்து ஏன் அவதி வருகிறது என்பதை மருத்துவர் வாயால் கேட்டுவிட்டால், அவர் அட்டையை எண்ணுவதை நிறுத்துவார் என்றே நினைக்கிறேன்.